அப்பா நிற்கும் பக்கம்

நவம்பர் 12, 1967. ஞாயிறு

பி.எஸ்ஸி. முடித்து ஊருக்கு வந்து ஐந்து மாதமாகிறது. மதுரையில் நான் படித்த கல்லூரியிலேயே விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை ஒன்று காலியாகப் போகிறது என்று பேராசிரியை எழுதியிருந்தார். விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். பதில் வரும்வரை காலையில் அரண்மனைக்குப் போய் ஐயாவுக்குப் பேப்பர் படிக்கிறேன்.

ஜமீன் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. இருந்தாலும் இந்த ஊருக்கு அது அரண்மனைதான். நான் ஐயா என்கிற குமாரசாமித் துரை ஊருக்கு மகாராசாதான். அப்பா அங்கே நாய்க்காரர். கௌதாரி வேட்டைக்குப் பழக்கிய இரண்டு பாயிண்டர் நாய்கள் அவர் பொறுப்பில் இருக்கின்றன. ரூபி பெட்டை, வயதானது. டிக் இளசு.

என்னைப் படிக்க வைத்தது ஐயா. இதை ஊரில் யாராவது வாரத்துக்கு ஒருமுறை எனக்கு ஞாபகப்படுத்துகிறார்கள்.

இன்று பேப்பரை மடித்து வைத்ததும் ஐயா சொன்னார்: "நாளைக்குக் காலைல வேட்டைக்கு நீயும் வா. சுவாலஜி படிச்சவ, பறவையப் புஸ்தகத்துலயே பாத்துக்கிட்டிருந்தா எப்படி?"

வீட்டில் சொன்னேன். அம்மா உலை வைத்துக்கொண்டிருந்தாள். "பொம்பளப் பிள்ளைய வேட்டைக்குக் கூட்டிட்டுப் போறது எந்த ஊர் வழக்கம்?"

"அரண்மனை வழக்கம்" என்றார் அப்பா.

"அங்க தும்முனாலும் அரண்மனை வழக்கம்னுதான் சொல்லுவாவ" என்றாள் அம்மா. அதற்கு மேல் தடுக்கவில்லை.

நவம்பர் 13. திங்கள்

பருத்திக் காடு. கரிசல் ஈரமாக இருந்தது. செருப்பில் அப்பி அப்பிக் கால் கனத்தது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

வேட்டை இப்படி நடக்கிறது. நாய்கள் மூக்கைத் தூக்கிக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பறவையின் வாசனை பட்டவுடன் அப்படியே நின்றுவிடும். ஒரு கால் மடங்கியிருக்கும், வால் கம்பியாக நீட்டியிருக்கும். இதை நிலை என்கிறார்கள். ரூபி நிலைக்கு வந்தால் பூச்சி கடித்தாலும் அசையாது. பிறகு அப்பா கம்புடன் நாயைத் தாண்டி முன்னே போய்ப் புதரைத் தட்டுவார். கௌதாரி விர்ரென்று எழும். ஐயா சுடுவார். அதாவது சுடும்போது அப்பா ஐயாவுக்கு முன்னால்தான் எங்கோ நிற்கிறார்.

என்னை ஐயா தமக்கு ஓரடி பின்னால் நிறுத்திக்கொண்டார். ரூபி நிலைக்கு வந்தபோது திரும்பாமலே மெல்லக் கேட்டார்: "நாய் எந்தப் பக்கம் நிக்கி?"

என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்து, "இடது பக்கம் ஐயா, ஆவாரஞ்செடிக்குப் பக்கத்துல" என்றேன்.

"கொம்பையா?"

"அப்பா அதுக்கும் இடது."

பறவை வலது பக்கம் எழுந்தது. சுட்டார். விழுந்தது. ரூபி போய் மெத்தென்று கவ்விக்கொண்டு வந்தது. இறகு கலையவில்லை.

எனக்குக் குரல் சின்னது. கல்லூரியில் எப்போதும் "சத்தமா, சத்தமா" என்பார்கள். ஐயா திரும்பி வரும்போது, "உன் சத்தம் நல்ல சத்தம். பக்கத்துல நிக்கவனுக்கு மட்டும் கேக்குது" என்றார்.

நவம்பர் 16. வியாழன்

பேப்பர் படித்து முடிக்கும் முன்பே ஐயா காபித் தம்ளரை மேசையில் வைத்தார். மேசை முடிந்து ஒரு சாண் தள்ளி வைத்தார். நான் பிடித்துக்கொண்டேன். புடவையில் கொஞ்சம் சிந்தியது.

"கைல எண்ணெய், வழுக்கிட்டு" என்றார்.

அவர் இன்னும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளவில்லை.

நவம்பர் 19. ஞாயிறு

இன்று செம்மண் காடு. உடைமரமும் இண்டமுள்ளும் அடர்ந்த இடம். பருத்திக் காட்டில் அப்பா தலை தெரியும். இங்கே பத்தடி போனால் மறைந்துவிடுகிறார்.

அப்பா நாய்களுக்குத் தண்ணீர் காட்ட ஓடைக்குப் போயிருந்தார். ஐயா ஒரு பாறையைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"நீ கெட்டிக்காரி. இந்நேரம் கண்டுபிடிச்சிருப்ப" என்றார்.

நான் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய் நின்றேன்.

"மகனுக்குத் தெரியாமப் போய்ப் பாத்த மெட்ராஸ் டாக்டர் இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்லன்னுட்டான். வெளிச்சம் தெரியுது. ஆள் நிழலாட்டம் தெரியுது. அதுவும் பக்கத்துல நின்னாத்தான். எம்மகனுக்குத் தெரிஞ்சா மறுநாளே என்னைய மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயிருவான். மூணாவது மாடியில ஒரு ரூம்பு. இங்கன அரண்மனையப் பூட்டிருவான்."

"வேட்டைய விட்டுரலாமே ஐயா."

"தையில பொங்கல் முடிஞ்சு வாற கரிநாள் வேட்டைக்கு ஆள் வருவாங்க. நான் துப்பாக்கி எடுக்கலன்னா எதுக்குன்னு கேப்பான். கேட்டவன் மெட்ராசுக்கு எழுதுவான்." பிறகு, "அது மட்டுமில்ல" என்றார். மீதியைச் சொல்லவில்லை.

பறவை சத்தம் கேட்டால் அவரால் அடித்துவிட முடியுமாம். ஐம்பது வருடப் பழக்கம். எழும்போது சிறகு எந்தப் பக்கம் போகிறது என்று காது சொல்லிவிடும். மனிதன் நிற்பதற்குத்தான் சத்தம் கிடையாது.

"உங்கப்பன் நிக்க பக்கத்த மட்டும் நீ சொன்னாப் போதும். இடமுன்னா இடம், வலமுன்னா வலம். நேரா நின்னா ஒண்ணும் சொல்லாத. நீ சொல்லலன்னா நான் சுடமாட்டேன். அவனுக்கு இது தெரிய வேண்டாம். தெரிஞ்சாலும் எனக்காக முன்னாலதான் போவான். அது இதவிட மோசம்."

சரி என்றேனா, தலையை ஆட்டினேனா, நினைவில்லை. தலையை ஆட்டியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. ஆகவே சரி என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

நவம்பர் 21. செவ்வாய்

அப்பா வெள்ளைத் தலைப்பாகை கட்டத் தொடங்கியிருக்கிறார். இத்தனை வருடம் காக்கிதான். வெள்ளை பறவைக்குத் தெரிந்துவிடும் என்பார். கேட்டால், பனி, வெள்ளைத் துணி கதகதப்பு என்கிறார்.

நவம்பர் 26. ஞாயிறு

மலையடிவாரம். பாறையும் கல்லத்திப் புதரும். சரிவில் நாய்கள் மேலே போய்விட்டால் மணிச் சத்தம்தான் வழி. இரண்டு நாயின் கழுத்திலும் மணி உண்டு. நிலைக்கு வந்தால் மணி நின்றுவிடும்.

அப்பா வேட்டையில் பேசவே மாட்டார் என்று எல்லோரும் சொல்வார்கள். இன்று காலை முழுக்கப் பேசிக்கொண்டே போனார். "ஏ டிக்கு, மேல ஏறாத. ஏ ரூபித்தாயி, இந்தா இங்கன நிக்கேன், இந்தப் பாறை மேல நிக்கேன்." நாய்க்கு எதற்கு இத்தனை விவரம் என்று தெரியவில்லை. பேசாத நேரத்தில் இருமினார். பாதிப் பறவை சத்தத்திலேயே எழுந்து போய்விட்டது. ஐயா எரிச்சல்படுவார் என்று எதிர்பார்த்தேன். படவில்லை.

ஒருமுறை மட்டும் தப்பிப் போயிற்று. டிக் நின்றது. அப்பா வலது பக்கம். "வலம்" என்று சொல்லிவிட்டேன். பறவை இடது பக்கம் எழுந்து, பாறையில் வெயில் கூசியதோ என்னவோ, வளைந்து வலது பக்கம் திரும்பியது. துப்பாக்கியும் அதோடு சேர்ந்து திரும்பியது. வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. கையால் ஐயாவின் முழங்கையைத் தட்டிவிட்டேன். குண்டு மேலே போயிற்று.

ஐயா முகம் வெளுத்திருந்தது. அப்பா அங்கிருந்து, "பரவால்ல மகாராசா, அடுத்ததுக்குப் பாத்துக்கிடலாம்" என்று கத்தினார்.

இரவு அம்மா குழம்பு வைத்தாள். கௌதாரிக் கறி கோழியைவிடக் கெட்டி. பல்லில் துப்பாக்கி ரவை சிக்கியது. சோற்றுத் தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்தேன். மிளகு அளவுதான் இருந்தது.

டிசம்பர் 3. ஞாயிறு

கம்பந்தட்டைக் காட்டில் காடை. நன்றாகப் போயிற்று. எழுத ஒன்றுமில்லை.

டிசம்பர் 9. சனி

மெட்ராசிலிருந்து ஐயாவின் மகன் சின்னத்துரை வந்திருந்தார். ஐயா விடியுமுன்பே ஆள் அனுப்பி என்னை வரச்சொல்லிவிட்டார். நாற்காலிகளை வழக்கமான இடத்தில் போட்டேன். செருப்பை வாசலுக்கு வலது பக்கம் வைத்தேன். ஐயா கூடத்துக்கும் சாப்பாட்டு மேசைக்கும் கைத்தடி இல்லாமல் நடந்தார். மகனின் மூக்குக் கண்ணாடி புதிதா என்று விசாரித்தார். அது நான் முன்னாடியே காதில் போட்டது.

போகும்போது சின்னத்துரை என்னைத் தனியாகக் கேட்டார். "அப்பாவுக்குக் கண்ணு எப்படிம்மா இருக்கு?"

"பேப்பர் எழுத்து சின்னதா இருக்குன்னு நான் படிக்கிறேன். வேட்டைக்கு வாரந்தவறாமப் போறாங்க."

இரண்டும் உண்மைதான்.

டிசம்பர் 20. புதன்

மதுரையிலிருந்து கடிதம். 27ஆம் தேதி நேர்முகத் தேர்வு. அம்மா அதைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள்.

ஐயாவிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். "நீ வாற வரைக்கும் வேட்டை கிடையாது. நான் சொன்னாச் சொன்னதுதான்."

டிசம்பர் 28. வியாழன்

நேர்முகத் தேர்வில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். "கொஞ்சம் சத்தமா" என்று இரண்டு முறை சொன்னார்கள். தவளையின் இதயத்தை வரையச் சொன்னார்கள். வரைந்தேன்.

இன்று மத்தியானம் ஊர் வந்து சேர்ந்தேன். நாய்க்கொட்டடியில் டிக் மட்டும் இருந்தது. அப்பா கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார். அவர் பகலில் படுத்து நான் பார்த்ததில்லை.

நேற்று யாரும் எதிர்பாராமல் இன்ஜினியர் வந்துவிட்டாராம். ஐயாவின் பழைய சிநேகிதர், பெயர் பாலகுருநாதன்; ஓய்வு பெற்று திருநெல்வேலியில் இருக்கிறார். காரில் துப்பாக்கியோடு வந்து இறங்கியவரிடம் ஐயா என்ன சொல்லி மறுக்க முடியும். கண்மாய்க் கரைக்குப் போயிருக்கிறார்கள்.

"ரூபி குறுக்க பாஞ்சிட்டு" என்றார் அப்பா. "பறவை எழும்பல, தரையோட ஓடுச்சு. அது பின்னால ரூபி பாஞ்சிட்டு. மகாராசா என்ன செய்வாரு."

ரூபி நிலையை விட்டுப் பாய்ந்தது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

டிசம்பர் 29. வெள்ளி

அப்பாவின் இடது கெண்டைக்காலில் அம்மா மஞ்சள் பற்றுப் போட்டாள். இண்டமுள் என்றார். புண்கள் சிறிதாக, உருண்டையாக, அங்கங்கே இருந்தன. கண்மாய்க் கரையில் கோரைதான் உண்டு. இண்டு கிடையாது.

"முள்ளாம் முள்ளு" என்றாள் அம்மா, பற்றை அழுத்தி.

"மெதுவா."

"முள்ளு எடுக்கும்போது வலிக்காமப் பின்ன?"



டிசம்பர் 30. சனி

வேட்டையில் நாய் செத்தால் பதினாறாம் நாள்வரை துப்பாக்கி உறையை விட்டு வெளியே வரக்கூடாது. அரண்மனை வழக்கம். மனிதருக்குப் போலவே நாய்க்கும் பதினாறு உண்டு. ரூபியைக் கொட்டடிக்குப் பின்னால் வேம்படியில் புதைத்திருக்கிறார்கள்.

ஐயா இன்று பேப்பர் கேட்கவில்லை. நான் போய் உட்கார்ந்திருந்தேன். அவராகவே, "நீ இல்லாம நான் போயிருக்கப்பிடாது" என்றார்.

"ஆமா ஐயா" என்றேன்.

அவரிடம் இப்படி நான் ஒத்துக்கொண்டது இதுதான் முதல்முறை. அவர் தலையை ஆட்டினார்.

ஜனவரி 4, 1968. வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. 18ஆம் தேதி காலை வேலையில் சேர வேண்டும். தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

கரிநாள் 16ஆம் தேதி. அதற்குள் ரூபியின் பதினாறு முடிந்துவிடும்.

ஜனவரி 8. திங்கள்

நேற்று ஐயாவிடம் உத்தரவைப் படித்துக் காட்டினேன். கையில் வாங்கி, தாளைத் தடவி, முத்திரை இருக்கும் இடத்தில் விரலை நிறுத்தினார். "நம்ம ஊர்ல டிகிரி வாங்கி வேலைக்குப் போற முத ஆளு நீதான்" என்றார். "கரிநாள் வேட்டைக்கு இருந்துட்டுப் போ."

"அதுக்குப் பிறகு யாரு ஐயா பின்னால நிப்பா?"

"பழகிரும்."

யாருக்குப் பழகும் என்று அவர் சொல்லவில்லை.

சின்னத்துரைக்குக் கடிதம் எழுதலாம். எழுதினால் ஐயா மூன்றாவது மாடிக்குப் போவார். நான் மதுரைக்குப் போகாமல் இருக்கலாம். இருந்தால் வாரந்தோறும் "இடம், வலம்" என்று சொல்லிக்கொண்டு, ஒருநாள் குரல் வராமல் போகும்வரை இருக்கலாம். நவம்பரில் ஒருமுறை வரவில்லை. இந்த இரண்டையும் இரவெல்லாம் மாற்றி மாற்றி நினைத்தேன். காலையில் எழுந்து தண்ணீர் எடுத்து, வாசல் தெளித்து, மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டினேன்.

ஜனவரி 12. வெள்ளி

நேற்றோடு பதினாறு முடிந்தது. அப்பா காலை நொண்டாமல் நடக்கிறார். அல்லது நாங்கள் பார்க்கும்போது நொண்டுவதில்லை.

சாயங்காலம் கொட்டடியில் டிக்குக்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார். நான் மண்ணெண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்திருந்தேன்.

"யப்பா, ஐயாவுக்குக் கண்ணு" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்."

உண்ணியைக் கிண்ணத்தில் போட்டார். அது கொஞ்ச நேரம் காலை ஆட்டியது.

"எப்ப இருந்து?"

"போன வருசம் பருத்திக் காட்டுல என்னையப் பாத்து, யாருல அதுன்னாரு. இந்தா, இங்கன இருந்து அந்தத் தொட்டி தூரம்."

"பின்ன ஏன் முன்னால போறீங்க?"

"நாய் யாருகிட்டப் போவும்?" டிக்கின் காதைப் புரட்டினார். "போன வருசம் எனக்கும் பயந்தான். ரெண்டு மாசம் உசிரக் கைல பிடிச்சுக்கிட்டுப் போனேன். இந்த வருசம் நீ பின்னால நிக்கியே. அந்தத் தைரியத்துலதான போறேன்."

கிண்ணத்தைத் தரையில் வைத்தேன்.

"ஐயா உங்களுக்குத் தெரியாதுன்னு நினைக்காவ."

"நெனச்சுக்கிடட்டும்."

"கண்மாய்க் கரைல?"

"அவரு நெனப்புல நாய் மேல மட்டும்தான் பட்டிருக்கு. என் கால் விசயம் அவருக்குத் தெரிய வேண்டாம்." பிறகு, "நீ மதுரைக்குப் போ. போகாம இருந்திராத. படிக்க வச்சவரு மனசும் சங்கடப்படும்" என்றார்.

"நான் போயிட்டா?"

டிக்கின் அடுத்த காதைப் பிடித்தார். அதில் உண்ணி இல்லை. இருந்தாலும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜனவரி 14. ஞாயிறு

பொங்கல். பால் கிழக்கே பொங்கியது, நல்லது என்றாள் அம்மா. என் டிரங்குப் பெட்டிக்குப் புதுப் பூட்டு வாங்கியிருக்கிறாள். அப்பாவின் வெள்ளைத் தலைப்பாகையைச் சவுக்காரம் போட்டு வெளுத்துக் காயப்போட்டாள். நீலம் கூடிவிட்டது என்று மறுபடி அலசினாள்.

ஜனவரி 16. செவ்வாய். கரிநாள்

இன்ஜினியர் வந்திருந்தார். இந்த வருடம் வேறு யாரும் வரவில்லை. கண்மாய்க்கு மேற்கே உடைமரக் காடு. தரை காய்ந்து, நடந்தால் மண் பொடிந்தது. இன்ஜினியர் வடக்கு ஓரத்தை எடுத்துக்கொண்டார். ஐயாவுக்கு நடுப்பாதை.

அப்பா டிக்கின் வாரை அவிழ்க்கப் போனார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"யப்பா, நாயை நான் கொண்டு போறேன்."

"உனக்குக் கேக்குமா அது?"

"ரெண்டு மாசமா நான்தான சோறு வைக்கேன்."

"அப்ப பின்னால ஆரு நிப்பா?"

"நீங்க எட்ட நில்லுங்க. ஐயாகிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலைப்பாகைக்குக் கை நீட்டினேன். அவர் தரவில்லை. நான் கையை மடக்கவில்லை. கடைசியில் அவிழ்த்து, என் கையில் கொடுக்காமல் அவரே என் தலையில் கட்டினார். காது மூட இறுக்கிக் கட்டினார். பிறகு கம்பைக் கொடுத்துவிட்டு, ஐயாவுக்குப் பின்னால் நன்றாகத் தள்ளி ஓர் உடைமரத்தடியில் போய் நின்றார்.

டிக் என்னை ஒருமுறை முகர்ந்துவிட்டுக் கிளம்பியது. புதருக்குள் மணிச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. நானும் பின்னால் போனேன். முள் புடவையைப் பிடித்தது. மணி நின்றது. டிக் ஒரு காலை மடக்கி நின்றிருந்தது. வால் நுனி மட்டும் லேசாக நடுங்கியது. ரூபிக்கு அதுவும் நடுங்காது.

"கொம்பையா எந்தப் பக்கம்?" என்று ஐயா மெல்லக் கேட்டது வாயசைவில் தெரிந்தது. அவருக்கு ஓரடி பின்னால் யாருமில்லை.

நான் திரும்பி நின்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன், இன்ஜினியர் கூட நிமிர்ந்து பார்த்தார்.

"ஐயா, அப்பா உங்களுக்குப் பின்னால நிக்காவ. இன்னைக்கு நாய் எங்கிட்ட. முன்னால நான் நிக்கேன்."

எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை.

இன்ஜினியருக்கு அது நாயை யார் பிடிக்கிறார்கள் என்ற தகவலாகத்தான் கேட்டிருக்கும். ஐயா அசையாமல் நின்றார். துப்பாக்கி தோளில் இருந்தது. இதுவரை அதை நான் பின்னாலிருந்துதான் பார்த்திருக்கிறேன். முன்னாலிருந்து பார்த்தால் இரண்டு ஓட்டைகள். அப்பா இத்தனை நாள் பார்த்தது இதைத்தான்.

நாயைத் தாண்டிப் போய்ப் புதரைத் தட்டினேன். ஒரு கூட்டம் எழுந்தது. மற்றவை மேற்கே போக, ஒன்று மட்டும் திரும்பி என் தலைக்கு மேலாக அவரை நோக்கிப் பறந்தது. சிறகுச் சத்தம் முகத்தில் அடித்தது. துப்பாக்கி அந்தச் சத்தத்தோடு சரியாக வந்தது. ஒரு விரற்கடை பிசகவில்லை. அவர் சொன்னது பொய்யில்லை. என் நேருக்கு வந்ததும் நின்றது.

பிறகு இறங்கியது. அவர் துப்பாக்கியை மடக்கித் திறந்து இரண்டு தோட்டாவையும் வெளியே எடுத்தார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

"என்ன ஐயா, தலைக்கு மேல வந்துச்சு. விட்டுட்டீங்களே" என்றார் இன்ஜினியர்.

"நாய் கை மாறுன அன்னைக்கு வெடி கிடையாது" என்றார் ஐயா. "அரண்மனை வழக்கம்."

"இப்படி ஒரு வழக்கமா? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"உண்டுமய்யா" என்றார் அப்பா, மரத்தடியிலிருந்து. "பெரிய மகாராசா காலத்துலயே உண்டும்."

இன்ஜினியர் தன் பங்குக்கு வடக்கே சுட்டார். இரண்டு விழுந்தன. நாங்கள் நின்று பார்த்தோம்.

திரும்பி வரும்போது ஐயா நடந்துகொண்டே வலது கையைப் பக்கவாட்டில் நீட்டினார். அங்கே அப்பாவின் தோள் இருந்தது.  கொஞ்ச தூரம் போனதும் ஐயா கேட்டார்: "கொம்பையா, காலு எப்படி இருக்கு?"

"என்ன காலு மகாராசா?"

"உன் நடைய எத்தனை வருசமாக் கேக்கேன். ஒரு கால் இழுக்குது."

"முள்ளு மகாராசா."

"ம்" என்றார் ஐயா.

வீட்டுக்கு வந்ததும் அம்மா என் தலையைப் பார்த்தாள். அப்பாவின் வெறுந்தலையைப் பார்த்தாள். சோறு போட்டாள். மோர் ஊற்றும்போது இலைக்கு வெளியே கொஞ்சம் போயிற்று.

ஜனவரி 18. வியாழன். மதுரை

சேர்ந்துவிட்டேன். முதல் வகுப்பு கரப்பான்பூச்சி. கடைசி மேசையிலிருந்து ஒரு பெண், "மிஸ், கேக்கலை" என்றாள். திரும்பவும் சொன்னேன். கேட்டிருக்க வேண்டும். குனிந்து எழுதினாள்.

பிப்ரவரி 11. ஞாயிறு

அப்பா விடுதிக்கு வந்திருந்தார். அம்மா கொடுத்த முறுக்கு, ஒரு பாட்டில் நல்லெண்ணெய், மல்லிப் பொடி. பார்வையாளர் அறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வார்டன் கடந்து போகும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

"ஐயாவுக்குப் பேப்பர் யாரு படிக்கா?"

"போஸ்ட் மாஸ்டர் மக. வேகமாப் படிக்காளாம். பாதி செய்தி முழுங்கிருதாளாம்."

"வேட்டை?"

"துப்பாக்கி சுவத்துல தொங்குது. தோட்டா வாங்கல. கேக்கவனுக்கு, ரூபிக்காக இந்த வருசம் பூரா வெடி இல்ல, அரண்மனை வழக்கம்னு சொல்லிட்டாரு." அப்பா சிரிக்காமல் சொன்னார். "உங்கம்ம அன்னைக்குப் பூரா சிரிச்சா."

"சின்னத்துரை?"

"வந்தாரு, போனாரு. நாற்காலி எல்லாம் நான் போட்டு வச்சேன்."

காலையில் மூவரும் இப்போதும் காட்டுக்குப் போகிறார்களாம். ஐயா, அப்பா, டிக். நாய் நிலைக்கு வருகிறது. அப்பா புதரைத் தட்டுகிறார். பறவை எழுகிறது. ஐயா நின்று கேட்டுவிட்டு, "வலம் போயிட்டு" என்கிறார். பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறாராம்.

"டிக்குதான் இன்னும் பழகல" என்றார் அப்பா. "பறவை போன பொறவும் வெடிச் சத்தம் வருமுன்னு திரும்பித் திரும்பிப் பாக்கு."

பஸ் நிலையம்வரை கூடப் போனேன். தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று ஒரு கடைக்குப் போய்த் திரும்பினால் அவரைக் காணோம். கூட்டம். தூணோரம், டிக்கெட் ஜன்னல், சங்கரன்கோவில் வண்டி நிற்கும் இடம் என்று பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகுதான் ஞாபகம் வந்தது, வரும்போதே கவனித்திருந்தேன். அப்பா பழைய காக்கித் தலைப்பாகையைக் கட்டியிருந்தார். அது கூட்டத்தில் லேசில் கண்ணில் படுவதில்லை.